பருந்துக்கரட்டின் அறுபத்திரண்டு சென்டிமீட்டர்

உயர வகைப்பாட்டுச் சட்டம் நடைமுறைக்கு வந்த ஏழாம் ஆண்டில், ஒத்தவேலம்பட்டிக்குத் தெற்கே நிற்கும் பருந்துக்கரடு உண்மையில் மலையா, வெறும் கரடா என்னும் கேள்வி, முதுநிலை நில அளவர் அங்கயற்கண்ணியின் மேசைக்கு வந்து சேர்ந்தது.

பொதுவாக இத்தகைய கேள்விகள் மனிதர்களிடம் வருவதில்லை. மூன்றாண்டுகளுக்கு ஒருமுறை செயற்கைக்கோள்கள் நாட்டின் தரை முழுவதையும் ஒரு விரற்கடை பிசகாமல் அளந்து முடிக்கும். அந்த அளவுகளைப் 'பேரளவி' எனப்படும் கணிப்பொறி வாங்கிக்கொண்டு, ஒவ்வொரு குன்றுக்கும் தனியெழுச்சி என்ற எண்ணைக் கணக்கிடும். அந்த எண் நூறு மீட்டரைத் தொட்டால் அது மலை. அதன்மேல் உளி படக்கூடாது. தொடாவிட்டால் அது கரடு. முப்பது நாள் அறிவிப்புக்குப் பிறகு குத்தகை எடுத்தவர் அதை அடியோடு உடைத்து எடுத்துச் செல்லலாம். ஒரு மீட்டருக்கும் குறைவான அளவில் தவறிப்போன குன்றுகளை மட்டும், ஒரு மனிதர் நேரில் சென்று பார்த்துவிட்டு வரவேண்டும் என்று சட்டத்தை எழுதியவர்கள் கருணையோடு இடம் விட்டிருந்தார்கள்.

பருந்துக்கரடு அறுபத்திரண்டு சென்டிமீட்டரில் தவறியிருந்தது. குத்தகைக்கு ஒரு நிறுவனம் ஏற்கெனவே விண்ணப்பித்து, முப்பது நாள் அறிவிப்பும் தொடங்கிவிட்டிருந்தது. கரடு போனால் கண்மாய்க்கு நீர் வராது என்று ஊரே கலங்கியிருந்தது.

அங்கயற்கண்ணி உச்சிக்குப் போகாமல், பருந்துக்கரட்டையும் அதற்கு மேற்கே உள்ள பெரிய மலைத்தொடரையும் இணைக்கும் கணவாயில் வண்டியை நிறுத்தச் சொன்னது ஊராருக்கு வியப்பாக இருந்தது. ஊராட்சித் தலைவர் கோட்டைச்சாமி வேட்டியை மடித்துக் கட்டியபடி விரைந்து வந்தார்.

"ஏம்மா, உசரத்தை உச்சியிலதான அளக்கணும்? இங்குட்டு என்ன சோலி?"

"உச்சியில ஒரு கொறையும் இல்லைங்கய்யா. கணக்கு இங்கதான் இருக்கு" என்றார் அங்கயற்கண்ணி. "ஒரு பேச்சுக்கு வச்சுக்குங்க. வெள்ளம் ஏறிக்கிட்டே வருது. ஊரு முங்கிருச்சு, காடு முங்கிருச்சு. இந்தக் கரட்டுக்கும் அந்தப் பெரிய மலைக்கும் நடுவுல கடைசியா முங்குற எடம் எது?"

"இந்தக் கணவாய்தான்."

"இது முங்கின நிமிசமே கரடு தனித் தீவாயிரும். அந்தத் தண்ணி மட்டத்துலேருந்து உச்சி எவ்வளவு உசரமோ, அதுதான் தனியெழுச்சி."

வண்டியோட்டியும் கருவித் துணைவருமான ஜேசுராஜ், முக்காலியை இறக்கியவாறே சொன்னார்: "அதாவது தலைவரே, ஆளு எம்புட்டு ஒசரம்னு கேக்குறதில்ல. பக்கத்து ஆளு தோள்ல கை போடாம எம்புட்டு ஒசரம் நிக்கிறான்னு கேக்குறது."

"உச்சியில நாலு கல்ல அடுக்கிவிட்டா ஆகாதா?"

"அடுக்கினதைக் கழிச்சிருவாங்கய்யா. மனுசன் கொண்டுவந்து வச்ச எதுவும் கணக்குல சேராது" என்று கூறிய அங்கயற்கண்ணி, அந்தச் சொற்களைத் தாமே மீண்டும் ஒருமுறை கேட்டவர்போல் நின்றார். பிறகு குனிந்து, காலடியில் இருந்த மண்ணைக் கொஞ்சம் அள்ளிப் பார்த்தார். இருபுறமும் கரும்பாறையாக ஏறிச் செல்லும் அந்த இடத்தில், மண் மட்டும் செம்மையாகவும் மென்மையாகவும் இருந்தது. சற்றுத் தொலைவு வரை சிறு சிறு மேடுகள். சிலவற்றின்மேல் வாடிய பூக்கள்.

"இது யாருடைய இடுகாடு?"

"எங்களது" என்று ஒரு குரல் வந்தது. கீழக்காலனியைச் சேர்ந்த பஞ்சவர்ணம், ஊர்க்கூட்டத்திலிருந்து பத்தடி தள்ளி நின்றிருந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். அவருக்கு அருகே ஒரு பாறையில், மூக்கில் உயிர்வளிக் குழாயுடன் அவருடைய தகப்பனார் வீரணன் அமர்ந்திருந்தார்.

"இந்த மண் எங்கேருந்து வந்ததும்மா?"

"எங்க வாசல்லேருந்து" என்றார் பஞ்சவர்ணம். "எங்க பூட்டன் காலத்துல, பொதைக்க எடம் கேட்டதுக்கு ஊருல இதத்தான் காட்டுனாக. வெறும் பாறை. ஒரு சாண் தோண்ட முடியாது. என்ன செய்ய? சாவு விழுந்தா வீட்டுக்கு ஒரு கூடை மண்ணு சொமந்துக்கிட்டு வந்து மூடுனோம். இன்னைக்கும் அப்பிடித்தான். அறுபத்து மூணு வீடு, அறுபத்து மூணு கூடை."

கோட்டைச்சாமி எதிர்ப்புறத்தில் எதையோ பார்க்கத் தொடங்கினார்.

அங்கயற்கண்ணிக்கு விளங்கிவிட்டது. பருந்துக்கரடு குட்டையாகிவிடவில்லை. நூற்றைம்பது ஆண்டுகளாக, கூடை கூடையாக விழுந்த மண் மழைக்குக் கரைந்து பரவி, கணவாய்தான் உயர்ந்துகொண்டு வந்திருக்கிறது.

சட்டத்தில் இதற்கு வழி இருந்தது. சில கல்லுடைப்பு நிறுவனங்கள் கணவாய்களில் லாரி லாரியாக மண்ணைக் கொட்டி, உச்சியில் ஒரு கல்லும் பெயராமலே எட்டு மலைகளைக் கரடுகளாக்கிவிட்டிருந்தன. அதற்குப் பிறகுதான், கொண்டுவந்து கொட்டிய மண்ணைக் கழித்துவிட்டு அடியில் இருக்கும் பாறையிலிருந்தே அளக்க வேண்டும் என்ற விதி சேர்க்கப்பட்டது. தோண்டாமலே கதிர்க்கருவியால் அடிப்பாறையை அளந்த கோப்புகளையும் அந்நிறுவனங்கள் பொய்யாகத் தயாரித்தமையால், இன்னொன்றும் சேர்க்கப்பட்டது. கணவாயின் மிகத் தாழ்ந்த புள்ளியில் குழி வெட்டி, அளவர் தம் கண்ணால் பாறையைக் கண்டு, அதன்மேல் கம்பத்தை நிறுத்தி அளக்க வேண்டும். இடத்தைப் பயன்படுத்துவோரின் எழுத்துமூலமான இசைவும் வேண்டும்.

இவற்றை அவர் பொறுமையாக எடுத்துரைத்தார்.

"ஒரு குழிதான? இப்பவே வெட்டிருவோம்" என்று கோட்டைச்சாமி கையைத் தட்டினார். "டேய், மம்பட்டிய எடுங்கடா!"

"வெட்டலாம் தலைவரே" என்றார் பஞ்சவர்ணம். "வெட்டிட்டு யாரை வைக்கிறது?"

"யாரையும் வைக்க வேண்டாம்த்தா. அளந்துட்டு மூடிருவாக."

"அது எங்கள்ல கெடையாது. இடுகாட்டுல வெட்டுன குழி வெறுங்குழியா மூடக்கூடாது. மூடுனா அது ஆள் கேக்கும். ஒண்ணு ரெண்டோட நிக்காது. மழைக்காலத்துச் சாவுக்குன்னு முன்கூட்டியே குழி வெட்டி வைக்கிற பழக்கங்கூட எங்களுக்கு இல்ல."

"இந்தக் காலத்துல போயி..."

"அந்தக் காலத்துல நீங்க எங்களுக்குப் பாறையக் குடுத்தீக. இந்தக் காலத்துல நாங்க இதச் சொல்றோம்."

ஜேசுராஜ் கருவியைக் கொண்டு தாழ்ந்த புள்ளியைக் கண்டுபிடித்துச் சிறு கொடி ஒன்றை நட்டார். அது ஒரு பழைய மேட்டுக்கும் ஒரு வேப்பங்கன்றுக்கும் நடுவே, யாரும் புதைக்கப்படாத ஓர் ஆள் நீளத் தரையில் நின்றது.

வீரணன் இருமினார். இருமல் அடங்க நேரமாயிற்று.

"அது என் எடம்மா" என்றார். "பக்கத்துல கெடக்குறது என் வீட்டுக்காரி. எனக்குன்னு விட்டு வச்சிருக்கு."

அங்கே இருந்த எல்லோரும் ஒருகணம் அவரைப் பார்த்தார்கள். பார்த்த காரணத்தை உணர்ந்தவுடன், எல்லோரும் ஒருசேர வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

அறிவிப்புக் காலத்தில் இருபத்தேழு நாள்கள் எஞ்சியிருந்தன.

ஒன்பது நாள்களுக்குப் பின் இசைவுக் கடிதம் பற்றிப் பேச அங்கயற்கண்ணி மறுபடியும் கீழக்காலனிக்குச் சென்றபோது, வீரணனின் வீட்டு வாசலில் ஊர்க்காரர்களின் செருப்புகள் நான்கைந்து ஜோடி கிடந்தன. உள்ளே கட்டிலருகே சாத்துக்குடியும் ஆரஞ்சும் ஒரு கூடை நிறைய இருந்தன. கோட்டைச்சாமி நாற்காலியின் நுனியில் அமர்ந்து, சத்துமாவு டப்பா ஒன்றை நீட்டிக்கொண்டிருந்தார்.

"எப்பிடி இருக்கு வீரணன் அண்ணே? மூச்சு எப்பிடி?"

"அண்ணேயா?" வீரணனின் கண்கள் சிரித்தன. "எழுபத்து மூணு வருசமா 'ஏ, வீரணா'தான. செத்தா 'அய்யா'ன்னு சொல்லுவீகளோ?"

"வெளையாடாதீக. ராத்திரி நல்லாத் தூங்குனீகளா?"

"தூங்குனேன் தலைவரே. என்ன செய்ய, காலையில முழிப்பு வந்துருச்சு."

கோட்டைச்சாமியின் முகம் சிவந்தது. பஞ்சவர்ணம் தலையைக் குனிந்துகொண்டு டப்பாவை வாங்கினார்.

"அதுல சத்து நெறைய இருக்குமே" என்றார் வீரணன். "குடிச்சுத் தேறிட்டேன்னா ஊருக்கு நட்டமில்லையா?"

தலைவர் எழுந்து சென்ற பிறகு, அங்கயற்கண்ணி தரையில் விரித்த பாயில் அமர்ந்தார். எப்படித் தொடங்குவது என்று அவருக்குத் தெரியவில்லை. அலுவலகத்தில் இதற்கென ஒரு வாசகமும் இல்லை.

"மன்னிச்சுக்குங்க ஐயா. நான் அளக்க வந்ததாலதான் இவ்வளவும்."

"நீங்க என்னம்மா செய்வீக? எனக்கும் அந்தக் கரடு நிக்கணும்." வீரணன் குழாயைச் சரிசெய்துகொண்டார். "கெழக்க கூத்தன்கரடுன்னு ஒண்ணு இருந்துச்சு. மொத வருசமே கரடுன்னு எழுதிட்டாக. நாங்கதான் கல்லுடைக்கிற கிரசர்ல வேல பாத்தோம். அந்தக் கரடு இப்ப எங்க இருக்குன்னு நெனைக்கிறீக? பாதி ரோட்டுல. மீதி இங்க." நெஞ்சைத் தட்டிக் காட்டினார். "இதையும் ஒடச்சா, காலனி வாசலுக்கு நேரா தூசி வரும். கணவாயும் போயிரும். அவளையும் சேத்து அள்ளிருவான். அதனால நானும் பாக்குறேன்ம்மா. படுத்துப் பாக்குறேன். வரமாட்டேங்குது."

"அப்பா!" என்று அதட்டினார் பஞ்சவர்ணம். பிறகு அடுப்படிக்குப் போய்விட்டார். அங்கே பாத்திரங்கள் தேவைக்கு மேல் ஓசையிட்டன.

இருபத்தெட்டாம் நாள் ஜேசுராஜ்தான் செய்தியைக் கொண்டுவந்தார். கோட்டைச்சாமி மாவட்ட மருத்துவமனைப் பிணவறையிலிருந்து, உரிமை கோரி எவரும் வராத ஓர் ஆண் உடலை அடக்கம் செய்யப் பொறுப்பேற்றிருக்கிறார். காவல்துறையின் தடையின்மைச் சான்றும் கிடைத்துவிட்டது. கடைசி நாளன்று பிற்பகலில் கணவாய்க்குக் கொண்டுவருகிறார்களாம்.

அங்கயற்கண்ணி அன்று மாலை, சான்றிதழ்ப் படிவத்தைக் கைக்கணினியில் முன்கூட்டியே நிரப்பி வைக்க உட்கார்ந்தார். பதினோராம் பக்கத்தில் நின்றுவிட்டார். மலை என அறிவிக்கப்பட்டதும், அதன் கணவாயைச் சுற்றி ஐம்பது மீட்டர், பாதுகாக்கப்பட்ட பகுதியாகிவிடும். அதற்குப் பின் அங்கே தோண்டுவதும் மண் இடுவதும் நிரந்தரமாகத் தடை செய்யப்படும். நிறுவனங்களுக்காக எழுதப்பட்ட விதிதான் அது. ஆனால் விதிக்கு ஆள் அடையாளம் தெரியாது.

"என்ன மேடம், மூஞ்சி மாறிருச்சு?" என்று கேட்டார் ஜேசுராஜ்.

அவர் திரையைத் திருப்பிக் காட்டினார். ஜேசுராஜ் உதடசைத்துப் படித்தார்.

"அப்ப நாளன்னைக்குப் பொதைக்கிற ஆளுதான் அங்க கடைசி ஆளு?"

"ஆமாம்."

"சொல்லிருங்க மேடம்."

"சொன்னா இசைவு தரமாட்டாங்க, ஜேசுராஜ். அப்புறம் எல்லாம் போயிரும். மலை, இடுகாடு, காலனி, எல்லாம்."

"இருக்கலாம். ஆனா சொல்லாம கையெழுத்து வாங்குனா, லாரியில மண்ணு கொட்டுனானே, அவனுக்கும் நமக்கும் கருவிதான மேடம் வித்தியாசம்?"

அங்கயற்கண்ணி கைக்கணினியை அணைத்து வைத்தார். இருபத்தாறு ஆண்டுப் பணியில், கேட்கப்படாத விதியைத் தாமாக எடுத்துச் சொல்லும் வழக்கம் அவருக்கு இருந்ததில்லை.

முப்பதாம் நாள். பேரளவி மாலை ஐந்து மணிக்குப் பதிவை மூடிவிடும். மூன்று மணிக்கு மருத்துவமனை வண்டி கணவாய்க்கு வந்து நின்றபோது, ஊரும் காலனியும் திரண்டிருந்தன. வழக்கம்போல் நடுவே பத்தடி இடைவெளி விட்டு.

"அளவுகோல் நட ஒரு பொணமா தலைவரே?" என்று கேட்டார் பஞ்சவர்ணம். "அந்த மனுசன் உசுரோட இருந்தப்ப யாரும் தேடல. செத்த பெறகு குழிக்குத் தேடியிருக்கீக."

"என்ன செய்யச் சொல்ற? உங்கப்பன் வாசல்ல போயிப் போயி எனக்கே அசிங்கமாப் போச்சு!" என்று வெடித்தார் கோட்டைச்சாமி. அது உண்மை என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது.

ஊர்ப்பக்கத்திலிருந்து ஒருவர் தணிந்த குரலில் கேட்டார்: "ஆளு... என்ன ஆளு?"

"தெரியாதுப்பா. பேரே தெரியாது. நம்பர்தான் இருக்கு."

பாறையில் அமர்ந்திருந்த வீரணன் கையை ஊன்றி எழுந்தார்.

"என்ன ஆளுன்னு தெரியலைன்னா நம்ம ஆளுதான். வெயில்ல போட்டு வைக்காதீக, எறக்குங்க. என் எடத்துல வெட்டுங்க. வர்ணம், வீட்டுக்கு வீடு சொல்லி விடு. கூடை வரட்டும்."

"அப்பா, அது அம்மாவுக்குப் பக்கத்துல..."

"தெரியுந்த்தா. எறக்கச் சொல்லு."

அங்கயற்கண்ணி அப்போதே சொல்லியிருக்க வேண்டும். வாய் வரை வந்தது. அதற்குள் காலனி ஆண்கள் இருவர் மண்வெட்டியை எடுத்துவிட்டார்கள். நான்கடி ஆழத்தில் மண்வெட்டி கணீரென்று ஒலித்தது. அங்கயற்கண்ணி குழிக்குள் இறங்கி, பாறையைக் கையால் துடைத்து, தம் கண்ணால் பார்த்தார். கருமையாக, ஈரமாக, நூற்றைம்பது ஆண்டுகளாக வெயில் காணாத பாறை. அதன்மேல் கம்பத்தை நிறுத்தினார்.

"பாறை மட்டம் முந்நூத்து முப்பது புள்ளி அஞ்சு எட்டு மீட்டர்" என்று மேலிருந்து படித்தார் ஜேசுராஜ். "தனியெழுச்சி நூறு மீட்டர், அம்பத்தொம்பது சென்டிமீட்டர். மலை!"

ஊர்ப்பக்கம் கைதட்டியது. பிறகு வெள்ளைத் துணி சுற்றிய உடல் அருகே கிடப்பதை நினைவுகூர்ந்து, பாதியில் நின்றது.

குழியிலிருந்து ஏறி வந்த அங்கயற்கண்ணி, புடவையில் ஒட்டிய மண்ணைத் தட்டவும் இல்லை.

"தயவுசெஞ்சு எல்லாரும் கேளுங்க. இசைவுக் கடிதத்துல கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி நான் ஒண்ணு சொல்லணும். முந்தாநாளே எனக்குத் தெரியும். இப்பத்தான் சொல்றேன். அதுக்கு மன்னிக்கணும்."

சொன்னார். ஒரு சொல்லையும் மழுப்பவில்லை. சொல்லி முடித்தபோது மணி நான்கு இருபது.

முதலில் சிரித்தவர் வீரணன். சிரிப்பு இருமலில் முடிந்தது.

"நல்லாருக்கும்மா உங்க சட்டம். ஒரு மாசமா ஊரே என்னைச் சாகச் சொல்லி ஆரஞ்சு குடுத்துச்சு. இப்ப செத்தா எடமில்லைங்குது."

"கையெழுத்துப் போட மாட்டோம்" என்றார் பஞ்சவர்ணம்.

"போடலைன்னா மலையோட இதுவும் போயிரும்த்தா" என்று கோட்டைச்சாமி தவித்தார்.

"அப்ப எங்க ஆளுகளை எங்க கொண்டு போறது? சொல்லுங்க தலைவரே."

அங்கயற்கண்ணி கைக்கணினியை நீட்டினார். "படிவத்துலயே அதுக்கு ஒரு கட்டம் இருக்கு. மாற்று இடம். அதை நிரப்பாம பேரளவி ஏத்துக்காது."

"வாய்க்கால் பொறம்போக்கு எழுதுங்க" என்றார் கோட்டைச்சாமி உடனே.

அங்கயற்கண்ணி எழுதினார். திரை மறுத்தது. "அது நீர்ப்பிடிப்பு, ஐயா."

"கூத்தன்கரட்டுக் குழி?"

"கல்குழி. ஏத்துக்காது."

"மேற்க, அடிவாரத்துல?"

"காட்டு எல்லை." அங்கயற்கண்ணி கொஞ்சம் தயங்கினார். "இந்த ஊர் எல்லைக்குள்ள மண் ஆழம் உள்ள, இடுகாடுன்னு பதிவான எடம் ஒண்ணே ஒண்ணுதான் காட்டுதுங்க. புல எண் எண்பத்தெட்டு."

எண்பத்தெட்டு எது என்பதைக் காட்டவேண்டிய தேவை யாருக்கும் இருக்கவில்லை. ஆற்றங்கரையில், சுற்றுச்சுவரும் இரும்புக் கதவும் போட்ட ஊர் மயானம். அந்தக் கதவின் வழியாகக் காலனிச் சாவு ஒன்றும் இதுவரை போனதில்லை.

"தலைவரே, யோசிச்சுச் சொல்லுங்க" என்றது கூட்டத்தில் ஒரு குரல். "எங்கப்பாரு அங்கதான் இருக்காரு" என்றது இன்னொன்று. "தேர்தல் வருது" என்றது மூன்றாவது.

கோட்டைச்சாமி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பருந்துக்கரட்டைப் பார்த்தார். அதன் நிழல் அப்போது ஊர்க் கண்மாய்வரை நீண்டிருந்தது. நான்கு முப்பத்தெட்டு. நான்கு நாற்பது. வீரணன் அவரை விரைவுபடுத்தவில்லை. சாவு விசாரிக்க வந்தவரை வாசலில் உட்கார்த்தி வைத்ததுபோல, அமைதியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எண்பத்தெட்டு" என்றார் கோட்டைச்சாமி, வாய்க்குள்ளேயே.

"சத்தமா" என்றார் பஞ்சவர்ணம்.

"எண்பத்தெட்டு! எழுதுங்கம்மா. கதவத் தெறந்து விடுறேன்." திரும்பித் தம் ஆட்களைப் பார்த்தார். "எவனுக்காச்சும் ஆகாதுன்னா, கூத்தன்கரட்டத் திரும்பக் கொண்டாந்து வச்சிட்டு எங்கிட்ட வாங்க."

அவர் விரல் பதித்தார். பஞ்சவர்ணம் தம் பக்கத்தாரைத் திரும்பிப் பார்த்தார், தலைகள் அசைந்தன. அவரும் பதித்தார்.

அங்கயற்கண்ணி மட்டும் ஒப்பத்தை அழுத்தவில்லை. அழுத்திய கணத்திலிருந்து ஒரு பிடி மண்கூட அங்கே விழக்கூடாது. "மொதல்ல அவரை மூடுங்க" என்றார்.

பெயரற்ற மனிதர் குழிக்குள் இறக்கப்பட்டார். கூடைகள் வரத் தொடங்கின. யாரும் அழவில்லை, அழுவதற்கு உரிமையுள்ளவர் யாரென்று எவருக்கும் தெரியவில்லை. ஜேசுராஜ் கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். அறுபத்து மூன்றாவது கூடை கவிழ்ந்தபோது நான்கு ஐம்பத்தேழு. அங்கயற்கண்ணி அழுத்தினார். திரையில் 'மலை' என்ற சொல் பச்சையாக எழுந்தது. அதை எட்டிப் பார்க்க ஒருவரும் வரவில்லை.

ஊர் கலைந்தது. பஞ்சவர்ணம் தம் தாயாரின் மேட்டருகே நின்றுகொண்டிருந்தார்.

"நீ அங்குட்டு, அம்மா இங்குட்டா?" என்றார் தகப்பனாரிடம்.

"உசுரோட இருந்தப்ப மட்டும் ஒட்டிக்கிட்டா கெடந்தோம்? வருசத்துல பாதி நாளு கோவிச்சுக்கிட்டு அவ ஆத்தா வீட்டுலதான் இருந்தா." சொல்லிவிட்டு அந்த மேட்டை அவர் வெகுநேரம் பார்த்தார். பிறகு, வண்டியில் ஏறப் போன கோட்டைச்சாமியைக் கூப்பிட்டார்.

"தலைவரே! ஆத்தங்கரையில எம்புட்டு ஆழம் போகும்?"

கோட்டைச்சாமி நின்றார். "ஆறடி தாராளமாப் போகும், அண்ணே. பொத பொதன்னு மண்ணு."

"அப்பிடியா" என்றார் வீரணன். குழாயைச் சரிசெய்துகொண்டு, மகளின் தோளைப் பற்றி இறங்கத் தொடங்கினார். "நல்லது. ஆனா இனி ஆரஞ்சு அனுப்பாதீக. எனக்கு ஒண்ணும் அவசரமில்ல."